அண்ணி கால் வைத்த இடம்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் தொலைபேசி அழைப்புகளை நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. என்னைப் பார்த்துக் கத்திய அதே குரலை மறுபடி காதோடு ஒட்டி வைத்துக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுதுகிறவன் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவிலாவது யோசித்தாக வேண்டும். உனக்கு அந்தப் பயிற்சி நல்லது.

ஆட்களைக் கடலில் இறக்கிக் காசு பார்க்கும் உன் இடத்துக்கு உன் அண்ணன் வருடம் தவறாமல் வந்து போனார். அவர் காலமாகி இரண்டு வருடம் கழித்து, நான் முதல் முறையாக வந்தேன். என்ன கண்டேன்? ஒரு தகரக் கொட்டகை. கொடியில் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்த ரப்பர் உடைகள். என் மருத்துவமனையில் பிணவறையைக்கூட நான் அப்படி நாற விட்டதில்லை. ஊரார் வாயில் வைத்து எடுத்த மூச்சுக்குழாய்களை எல்லாம் ஒரே தொட்டியில் முக்கி எடுத்து, "கழுவியாச்சு மேடம்" என்று நீட்டினார்கள். தலைமைச் செவிலியாக வேலை பார்த்தவளிடம்!

அதையும் பொறுத்துக்கொண்டேன். படகில் உன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நீருக்கடியில் பார்க்கும் அந்தக் கண்ணாடிக்குள் காறித் துப்பி, விரலால் தேய்த்து, அதையே முகத்தில் மாட்டிக்கொண்டார்கள். படித்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். அவர்களைப் பழக்கும் உன் பயிற்சிப் பெண் என்னிடமும் "துப்புங்க மேடம், பனி மூடாது" என்றாள். என் கைப்பையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் எப்போதும் இருக்கும். துடைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததை இருவரும் அறிவோம். இடுப்பளவுத் தண்ணீரில் நான் கால் ஊன்றி நின்றேன். நீ படகிலிருந்து, உன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் முன்னிலையில், "அறிவிருக்கா உனக்கு? காலை எடு!" என்றாய். உன் அண்ணனின் மனைவியைப் பார்த்து. அவர் இருந்திருந்தால் உன் வாயில் அந்த வார்த்தை வந்திருக்குமா?

அன்று மாலைப் படகிலேயே கிளம்பியதற்கு அதுதான் காரணம். நீ மற்றவர்களிடம் சொன்னது போல வயிற்றுவலி இல்லை. மன்னிப்பை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

வணக்கம். மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். அதாவது, என்னை மன்னிப்பு கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் ஏறி நின்றது கல் இல்லை. பவளம். உயிருள்ளது. அதன் பெயரே மேசைப் பவளம்தான். நான் இங்கே கடை போட்ட வருடம் அது சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. நீங்கள் வந்த அன்று காலை வரை நாலு பேர் சுற்றி உட்காரும் மேசை அளவு. நீங்கள் இறங்கிய பிறகு இரண்டு துண்டு. இத்தனை வருடத்தில் குழந்தைகள், குடிகாரர்கள், தேனிலவுக்கு வந்து தண்ணீருக்குள்ளேயே சண்டை போட்டவர்கள் என்று எல்லாரையும் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஒருத்தர் கால் வைத்ததில்லை. அதற்கு ஒரு தலைமைச் செவிலி வர வேண்டியிருந்தது.

கத்தினேன், உண்மை. கடலில் மெதுவாகச் சொன்னால் மீனுக்குக்கூடக் கேட்காது. "அண்ணி அவர்களே, தயைகூர்ந்து திருப்பாதத்தை எடுங்கள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மிச்சமிருந்ததும் போயிருக்கும்.

சண்டை போட இதை எழுதவில்லை. பவளப் பாதுகாப்பு அலுவலகத்தின் ரோந்துப் படகு அன்று பக்கத்தில்தான் நின்றது. பார்த்துவிட்டார்கள். விசாரணை வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு விதி உண்டு: தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் முன்னாலேயே சொல்ல வேண்டும். எதையும் தொடக்கூடாது, எதன் மீதும் நிற்கக்கூடாது, பயம் வந்தால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்க வேண்டும். சொல்லாமல் இறக்கினால் அந்தப் பவளத் திட்டுக்குக் கூட்டிப் போகும் அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள்.

நீச்சல் தெரியாதவர்களைக் கூட்டிப் போக எனக்கு இருப்பது அந்த ஒரு திட்டுதான். சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? அது போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"எனக்கு எல்லா விதிகளையும் சொன்னார்கள், என் தவறால் நின்றேன்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது போதும்.

மன்னிப்பை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கொழுந்தன்


பிப்ரவரி 27

தம்பிக்கு,

எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

உன் பயிற்சிப் பெண் படகில் மற்ற எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள். படகுத்துறை ஓரத்தில் குப்புறப் படுக்கவைத்து, குழாயில் மூச்சுவிடப் பழக்கினாள். என்னிடம் வந்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று பல்லைக் காட்டிவிட்டு நழுவினாள். ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அதற்கு முன்தினம் நீ கொட்டகைக்குப் பின்னால் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "அண்ணிகிட்ட யாரும் வாயத் தொறந்துடாதீங்க. இதச் செய், அதச் செய்யாதன்னு சொன்னா அவ்ளோதான், நம்மள உக்கார வச்சுப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க." எல்லோரும் சிரித்தீர்கள். தகரச் சுவர் ஆளை மறைக்கும், ஆனால் சத்தத்தைத் தடுக்காது.

வேலையாட்களிடம் என்னைப் பூச்சாண்டியாக்கி வைத்தவன் நீ. வயதானவள், நீந்தத் தெரியாதவள், அவளைப் பழக்காமல் கடலில் இறக்கியவனும் நீ. இப்போது "சொன்னார்கள்" என்று நான் எழுத வேண்டும்!

என் வார்டில் ஒரு செவிலி ஊசி போடாமலே போட்டதாக எழுதினாள் என்றால் அன்றோடு அவள் சீருடையைக் கழற்ற வேண்டியதுதான். எத்தனை பேர் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். அதையே இப்போது நான் உனக்காகச் செய்ய வேண்டுமா? ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?

பொய் எழுத மாட்டேன். மன்னிப்பும் இன்னும் வரவில்லை.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

எழுத வேண்டாம். உங்கள் சத்தியத்தை அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்துருண்டை போட்டு வையுங்கள்.

சொல்லவில்லைதான். ஏன் சொல்லவில்லை? பயம். எனக்கு மட்டுமா? உங்கள் வீட்டுக்கு வந்த எந்த மனிதன் செருப்பை ஒரே தடவையில் சரியாகக் கழற்றி வைத்திருக்கிறான்? நாற்பது வருடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்த ஆள் யாராவது உண்டா? இருந்தால் கூப்பிடுங்கள், மாலை போடுகிறேன்.

ஐந்து பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். அந்தப் பயிற்சிப் பெண் அவள் அம்மாவை இங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவள் அழுகிறாள். நீங்கள் அழவைத்த செவிலிகளின் கணக்கில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஏன் வருடா வருடம் இங்கே வந்தார் தெரியுமா? மீன் பார்க்கவா? டாக்டர் தடுக்கும் வரை சிலிண்டரோடு என்னுடன் ஆழத்துக்கு வந்தார். தடுத்த பிறகும் விடவில்லை. அதே திட்டின் மேல், குழாயை வாயில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து குப்புற மிதப்பார். ஒருநாள் கேட்டேன். "தண்ணிக்குள்ள யாரும் பேச முடியாதுல்ல, அதாண்டா" என்றார்.

அவ்வளவுதான். யாருடைய பேச்சிலிருந்து தப்பிக்க வந்தார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நிறையப் படித்தவர்களாயிற்றே.

கொழுந்தன்


மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கிழித்துப் போட நினைத்தேன். பிறகு, இவ்வளவு மோசமாக எழுதியவனுக்குப் பதில் எழுதாமல் விட்டால் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வான் என்று தோன்றியது.

உன் அண்ணன் உன்னோடு தண்ணீருக்குள் பேசாமல் இருந்தார். சரி. உன் இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன செய்வார் என்று உனக்குத் தெரியாது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஆரம்பிப்பார். உப்பு காய்ந்து வெளுத்த காதோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன், அது தின்கிற சத்தம் அப்பளம் நொறுக்குவது போலக் கேட்பது, ராத்திரி தூங்குவதற்குத் தன்னைச் சுற்றித் தானே சவ்வு கட்டிக்கொள்வது என்று வாரக்கணக்கில் பேசுவார். நான் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்பேன். பாதியை நம்ப மாட்டேன். "ஒரு தடவை வந்து பாரேன்" என்பார். "எச்சில் தண்ணீரில் நான் இறங்குவதா?" என்பேன். சிரிப்பார்.

உனக்குக் கிடைத்தது அவருடைய மௌனம். பேச்சு முழுக்க எனக்குத்தான் வந்தது. யாருக்கு எதைக் கொடுத்தார் என்று இப்போது நீ யோசி. நிறைய மூழ்கியவனாயிற்றே.

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் வந்தேன். வேறு எதற்கும் இல்லை. உன் தகரக் கொட்டகையின் அழகைப் பார்க்க வந்தேன் என்று நினைத்தாயா? ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கண்ணாடி, தண்ணீரில் முகத்தை வைத்த உடனே பனி மூடியது போல வெளுத்துவிட்டது. எதுவும் தெரியவில்லை. கையில் ஏதோ உரசியது. மூச்சுக்குழாயில் தண்ணீர் ஏறியது. அதற்குப் பிறகுதான் நின்றேன்.

விசாரணை என்றைக்கு? தேதியை எழுது. நான் வருவேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

ஏப்ரல் 2, காலை, படகுத்துறை அலுவலகத்தின் மாடி அறை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம்.

வராதீர்கள். வந்தால் உண்மையைச் சொல்வீர்கள். அதோடு என் கதை முடிந்தது. வராவிட்டால், வயதானவர், ஏதோ நடந்துவிட்டது என்று இழுத்தடிக்கவாவது ஒரு வழி இருக்கும்.

போன கடிதத்தில் அண்ணனை இழுத்தது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்பு. காலை எடுக்கச் சொன்னதற்கு இல்லை.

கிளிமீன் சவ்வு கட்டுவது உண்மைதான். நாங்கள் ராத்திரி டைவிங் போனபோது நான்தான் டார்ச் அடித்துக் காட்டினேன்.

கொழுந்தன்


ஏப்ரல் 6

தம்பிக்கு,

படகுத்துறையில் நீ என் பெட்டியைத் தூக்க வந்தாய். நான் கொடுக்கவில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சக்கரம் வைத்த பெட்டியை எதற்கு இன்னொருவர் தூக்க வேண்டும்?

அந்த அறையில் நான் சொன்னதை உனக்குத் தெரிவிப்பது முறை என்பதால் எழுதுகிறேன். அந்த அதிகாரி சின்ன வயது. சட்டையில் ஒரு பித்தான் குறைவு. "அம்மா, உங்களுக்கு விதிகளைச் சொன்னார்களா, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அப்படிக் கேட்டால் உண்மை வராது, நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என்னிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. என் கொழுந்தனுக்கும் அவன் ஆட்களுக்கும் என்னிடம் பேசப் பயம். அவர்கள் கோழைகள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் நான் செவிடு இல்லை. பயிற்சிப் பெண் மற்றவர்களுக்குச் சொன்னபோது நான் நாலு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு குடையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் சொன்னதை வரிசை மாறாமல் அவருக்கு ஒப்பித்துக் காட்டினேன். மல்லாந்து மிதந்து கையைத் தூக்குவது உட்பட.

"அப்படியானால் தெரிந்தே ஏன் நின்றீர்கள்?" என்றார்.

பயந்துவிட்டேன் என்றேன்.

அந்த வார்த்தையை ஒரு அந்நியன் முன்னால், ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் காதில் விழ, நான் சொல்ல வேண்டியிருந்தது. உன்னால். இதை மறக்க மாட்டேன்.

உன்னைக் காப்பாற்ற வந்ததாக அந்தப் பயிற்சிப் பெண் நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அழுதாள். அவளிடம் சொல்லிவிடு. என் பெயரில் ஒரு பொய்யோ அரை உண்மையோ அந்த அலுவலகத்தில் கிடக்கக்கூடாது. அதற்குத்தான் வந்தேன்.

தீர்ப்பு வந்தால் தெரிவி.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது.

படகில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னதால் அனுமதி ரத்து இல்லை. உங்களைத் தனியாகப் பழக்காததால் இந்தப் பருவம் முழுக்க அந்தத் திட்டுக்கு நான் யாரையும் கூட்டிப் போகக்கூடாது. அடுத்த பருவத்திலிருந்து போகலாம். அதுவரை ஆழத்துக்கு வருகிறவர்களை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன். ஆட்களை நிறுத்தவில்லை.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. உங்களுக்கு முன்னால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சொன்னேன், பழக்கினேன் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். அந்த மாடிப்படி ஏறும்போது நீங்கள் பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளே போய் "சொல்லவில்லை சார்" என்றுதான் வாயில் வந்தது. உங்களால் எனக்கு ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்ல வராமல் போயிற்று. "ஒரே குடும்பத்தில் இரண்டு பேரும் நான்தான் நான்தான் என்று வருகிறீர்களே, வேறு வேலை இல்லையா?" என்று அந்த அதிகாரி பிறகு என்னிடம் கேட்டார்.

உங்களுக்கும் தண்டனை உண்டு. தெரிந்தே நின்றதாக நீங்களே சொன்னதால், இந்தப் பவளப்பாறைப் பகுதியில் நீங்கள் இனி எப்போதும் தண்ணீரில் இறங்கக்கூடாது. சொல்லவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் உங்கள் மேல் எதுவும் வந்திருக்காது. அது உங்களுக்குத் தெரியும் என்று அதிகாரி சொன்னார். முன்னாலேயே எச்சரித்தாராமே.

ரோந்துப் படகு விடியற்காலையில் வராது. ஒருநாள் வாருங்கள். நானே கூட்டிப் போகிறேன், கையைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடியில் நானே துப்பித் தருகிறேன். பத்து நிமிடம். யாருக்கும் தெரியாது.

கொழுந்தன்


ஏப்ரல் 27

தம்பிக்கு,

எனக்குத் தெரியும். அது போதாதா?

திருட்டுத்தனமாக விடியற்காலையில் கடலில் இறங்க நான் என்ன கள்ளக்கடத்தல் செய்கிறேனா? அதுவும் உன் எச்சிலை முகத்தில் பூசிக்கொண்டு! கூடாது என்றால் கூடாது. அந்த விதி சரியான விதி. அந்த அதிகாரி பித்தான் இல்லாமல் வந்தாலும் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். நீ இந்தப் பேச்சை இன்னொரு முறை எடுத்தால் நானே அவருக்கு எழுதுவேன்.

பார்க்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். அதனால் எழுதவில்லை.

இந்தப் பருவம் முழுக்கக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் சும்மாதான் இருப்பாய். தனியாக இறங்க உனக்குத் தடை இல்லையே? அந்தத் திட்டுக்குப் போ. உன் அண்ணன் மிதந்த அதே இடத்தில் குப்புற மிதந்து, அங்கே என்ன இருக்கிறது என்று எழுது. நான் உடைத்தது என்ன ஆயிற்று என்பதையும் எழுது. என்னைச் சமாதானப்படுத்த எழுதாதே.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

எனக்கு எழுத வராது. இது நீங்கள் கேட்டதால்.

காலையில் போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அழகாக இருந்தது. நீங்கள் உடைத்த மேசைப் பவளத்தின் பெரிய துண்டை நானும் பயிற்சிப் பெண்ணும் போன மாதமே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு நிமிர்த்தி, பசை வைத்து ஒட்டியிருந்தோம். அதில் ஒரு பக்கம் பிழைத்திருக்கிறது, பழுப்பு நிறம், ஓரத்தில் நீலம். சின்னத் துண்டு செத்துவிட்டது. வெள்ளையாகி, இப்போது அதன் மேல் பச்சையாகப் பாசி படிந்துவிட்டது. அது திரும்பி வராது. செத்ததின் அடியில் ஒரு குட்டி மீன் குடிவந்திருக்கிறது. மஞ்சள். மிகவும் அழகாக இருந்தது. கிளிமீன்கள் கூட்டமாக வந்தன. பட்டாம்பூச்சி மீன் ஜோடி ஜோடியாகப் போனது. எல்லாம் அழகாக இருந்தது. வெயில் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்க ரொம்ப அழகு.

அண்ணன் ஏன் அவ்வளவு நேரம் மிதந்தார் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்ல வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாரோ என்னவோ.

கொழுந்தன்


மே 17

தம்பிக்கு,

கடிதம் வந்தது.

ஒரே பத்தியில் நான்கு இடத்தில் அழகு என்கிறாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த மஞ்சள் மீன் எவ்வளவு நீளம்? உன்னைக் கண்டதும் உள்ளே போனதா, எதிர்த்து நின்றதா? பிழைத்த பக்கம் பெரியதா, போன பக்கம் பெரியதா? நீலம் என்றால் எந்த நீலம்? அவர் சொல்லும்போது எனக்கு இதெல்லாம் கேட்கவேண்டி வந்ததே இல்லை.

அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாய். மறுபடி போ. மெதுவாகப் பார்த்து எழுது.

அண்ணி